இரும்பு வரையாடு: இரண்டு மழைக்குப் பின்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இந்த ஆட்டுக்குத் தாடி இல்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ரிசார்ட் வாசல்களில் நிற்கும் உலோக வரையாடுகள் பலவற்றுக்குத் தாடி இருக்கிறது. செய்தவர் வெள்ளாட்டைப் பார்த்துச் செய்திருப்பார், இல்லையென்றால் இணையத்தில் கிடைத்த ஐபெக்ஸ் படத்தைப் பார்த்து. நீலகிரி வரையாட்டுக்குத் தாடி கிடையாது. பிடரியில் குட்டையாக விறைத்த மயிர் மட்டும் உண்டு. ஐபெக்ஸ் கொம்பில் இருப்பதுபோல முடிச்சு முடிச்சான புடைப்பும் இதற்கு இல்லை, நெருக்கமான மெல்லிய வரிகள்தான். இரண்டு கொம்பும் நெற்றியில் பக்கம் பக்கமாக எழுந்து, முறுக்கிக்கொள்ளாமல், ஒரே வளைவாகப் பின்னுக்குச் சாயும். உட்பக்கம் ஏறக்குறையத் தட்டை, வெளிப்பக்கம் உருண்டை. இந்தச் சிற்பத்தில் அது அப்படியே வந்திருக்கிறது. வளைவோடு சேர்த்து அளந்தால் கொம்பு 38 சென்டிமீட்டர். முதிர்ந்த கிடாவுக்கு 40 வரை போகும் என்பதால் அளவும் சரி.

கோவைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் செய்து, கோத்தகிரி–ஊட்டி சாலையோரம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவின் முற்றத்துப் பாறைமேல் நிறுத்திய முழு அளவுக் கிடா இது. தோள் உயரம் 1 மீட்டர். 2 மி.மீ. எம்.எஸ். (சாதா எஃகு) தகடு, உள்ளே 12 மி.மீ. கம்பிச் சட்டம், அடியில் 10 மி.மீ. தகட்டுப் பீடம். வண்டி வாடகையும் நிறுத்தும் கூலியும் தவிர்த்து விலை 1,95,000 ரூபாய். வந்து இரண்டு தென்மேற்குப் பருவமும் இரண்டு வடகிழக்குப் பருவமும் ஆகிவிட்டன. வந்த வாரமே எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கும். மலையில் நிற்கும் உலோகச் சிற்பத்துக்கு மதிப்பெண் போட இரண்டு மழையாவது பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுத்துப் பார்த்ததில் தெரிந்தது: செய்தவருக்கு ஆடு நன்றாகத் தெரியும், மழை தெரியாது.

நிற்கும் நிலை

வரையாட்டுக்கு ஆபத்து பெரும்பாலும் கீழேயிருந்துதான் வரும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது ஓடுவது செங்குத்துப் பாறையை நோக்கி. ஆகையால் காவல் நிற்கும் ஆடு பாறை விளிம்பில் முன்கால் இரண்டையும் நெருக்கி வைத்து, கழுத்தை முன்னுக்கு நீட்டி, பள்ளத்தாக்கைப் பார்க்கும். இந்தச் சிற்பம் அதைத்தான் பிடித்திருக்கிறது. முன் குளம்பிரண்டுக்கும் நடுவே நான்கு விரல்தான் இடைவெளி. பின்கால்கள் அகன்று, பின் முழங்கால் சற்று மடங்கியிருக்கிறது. எடை பின்னங்கால்களில் இருப்பது பார்த்தவுடன் தெரிகிறது. சமதளப் புல்தரையில் நாலு காலையும் மேசைக்கால் போல ஊன்றி நிற்கும் சிற்பங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது பெரிய ஆறுதல். வரை என்றால் மலை. மலை இல்லாமல் அந்த ஆடு இல்லை. சங்கப் பாட்டுகள் வருடை என்று சொன்ன காலத்திலும் அது பாறையோடுதான் வந்தது.

எடைக் கணக்கையும் பார்க்கலாம். 1 மி.மீ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 2 மி.மீ. என்றால் 15.7. இந்த உடலுக்குத் தகடு ஏறத்தாழ 2.4 சதுர மீட்டர் பிடிக்கும், அது 38 கிலோ. உள்சட்டம் 14 மீட்டர் கம்பி, மீட்டருக்கு 0.89 கிலோ வீதம் 12 கிலோ சொச்சம். பீடத் தகடு 21 கிலோ. மொத்தம் 70 கிலோவுக்குச் சற்று மேலே. உயிரோடிருக்கும் கிடா 80 முதல் 100 கிலோ வரும். இந்தக் கணக்கு எதற்கென்றால், பட்டறைக்காரர் '16 கேஜ்' தகட்டைப் போட்டுவிட்டு 14 கேஜ் என்று சொன்னால் எடை மேடையில் பிடித்துவிடலாம். 14 கேஜ் 2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ. இதே ஆடு 16 கேஜில் எட்டு கிலோ வரை குறையும். தட்டி வளைக்கும்போது புடைப்பின் உச்சியில் தகடு இன்னும் மெலியும். மூக்கு நுனி, முழங்கால் முட்டி, கொம்படி மூன்றும்தான் முதலில் ஓட்டை விழும் இடங்கள். அதனால் 2 மி.மீ.க்குக் கீழே மலைக்கு வேண்டாம். அதற்காகக் கிலோ கணக்கில் விலை பேசவும் வேண்டாம். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் பட்டறைக்குக் கனத்தைக் கூட்டத்தான் தோன்றும், முகத்துக்கு இன்னொரு நாள் செலவழிக்கத் தோன்றாது.

முகம் இங்கே நன்றாக வந்திருக்கிறது. ஏறத்தாழ முப்பது துண்டுத் தகடுகளைத் தனித்தனியே மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டிச் சேர்த்திருக்கிறார்கள். கன்னத்தில் சுத்தியல் பட்ட தடங்களை அழிக்காமல் விட்டது நல்ல முடிவு. மயிர் காட்டக் கிரைண்டரால் கீறிய கோடுகள் முதுகெலும்பிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்குகின்றன. அழகுக்காகச் செய்தார்களோ என்னவோ, மழைக்கும் அதுதான் சரி. இறங்குகோட்டில் தண்ணீர் வழிந்துவிடும், படுக்கைக் கோட்டில் நின்றுவிடும்.

நிறத்தில்தான் ஒரு குறை. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல ஒரு வெளிர் சாம்பல் பட்டை இருக்கும். உடம்பு கரும்பழுப்பு. அந்தச் சேணத்துக்கு அலுமினிய சில்வர் பெயின்ட்டை அப்படியே அடித்துவிட்டார்கள். வெயிலில் பாத்திரம் போலப் பளபளக்கிறது. கரும்பழுப்பின் மேல், பெயின்ட் தீரும் நிலையில் உள்ள காய்ந்த தூரிகையால் சாம்பலை லேசாக இழுத்திருந்தால் போதும். இதைப் பிறகும் திருத்தலாம் என்பதால் பெரிய குற்றமாக எடுக்கவில்லை.

தண்ணீர் எங்கே நிற்கிறது

ஜனவரி விடியலில் இந்தச் சிற்பத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேகமில்லாத இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகச் சூட்டை இழந்துவிடும். புல்லில் வெள்ளைப்பனி விழும் அதே நேரத்தில் ஆட்டின் முதுகிலும் கொம்பின் மேல் வளைவிலும் அது படிகிறது. வயிற்றில் ஒரு பொட்டுகூட இல்லை. கிடாவின் சேணம் எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கேயே பனியும் உட்கார்ந்திருக்கிறது. வெயில் தொட்டதும் உருகி, விலாவில் இழைந்து, வயிற்றின் நடுக்கோட்டில் கூடி, முன்காலுக்கு ஒரு சாண் பின்னால் ஒரே இடத்தில் சொட்டுகிறது. அந்த இடத்தில்தான் துரு. மேலே முதுகில் ஒரு கீறல் இல்லை, கீழே வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறது.

காரணம் வயிற்றுத் தையல். இரண்டு பக்கத் தகடும் சேரும் அந்த நீளக்கோட்டை முழுக்கப் பற்றவைக்கவில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, நடுவே கார் பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசை) நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழ்நாட்டு வெயிலில் இது பல வருடம் தாக்குப்பிடிக்கும். மலையில் பட்டி ஈரத்தை உறிஞ்சி ஊதும், காலை மாலை சூடு மாறும்போது தகடு விரிந்து சுருங்க விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். பிறகு தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். வயிறு, அக்குள், தொடை உட்புறம், தாடை அடி என்று தையல் வரும் இடமெல்லாம் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் அடியில் பட்டி இருக்கிறது. வாங்கும்போதே, பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய சோதனை இது.

இரண்டாவது தப்பு காதில். வரையாட்டின் காதைக் கிண்ணம் போலக் குழித்து, சற்று மேல்நோக்கி வைத்திருக்கிறார்கள். உருவத்துக்குச் சரி, ஆனால் கிண்ணத்துக்கு அடியில் துளை இல்லை. ஒவ்வொரு காதிலும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் எப்போதும் நிற்கிறது. அதில் சவுக்கு ஊசியிலையும் கற்பூர மரத்துச் சருகும் விழுந்து ஊறிக் கறுத்த சாறாகிறது. இலைச் சாறு லேசான அமிலம், பெயின்ட்டை மெதுவாக மங்கடிக்கும். 6 மி.மீ. துளை ஒன்று போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இரண்டு கொம்பும் மண்டையும் சேரும் பள்ளத்திலும் இதே கதை. அங்கே பாசி பிடித்துப் பச்சையாக இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாசி இருக்கும் இடம் காய்வதே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. கால்கள் உள்ளீடற்றவை. மேலே எங்கே நுழைந்த தண்ணீரும் கால் வழியாகக் குளம்புக்கு வந்து சேரும். உள்ளே தகட்டில் இரவில் வியர்க்கும் ஈரமும் அங்கேதான் இறங்கும். குளம்பில் வடிதுளை இல்லை. போதாக்குறைக்கு, 'உறுதியாக இருக்கட்டும்' என்று பீடத் தகட்டையும் குளம்பையும் சேர்த்து இரண்டு அங்குலம் கான்கிரீட்டில் புதைத்துவிட்டார்கள். இரும்பு கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் கோடு எப்போதும் ஈரமாக இருக்கும். வேலிக் கம்பம் எங்கே அறுந்து விழும் என்று கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. தரைமட்டத்தில்தான் விழும். இடது பின் குளம்பைச் சுற்றி இப்போதே ஒரு செம்பழுப்பு வளையம். சுண்டினால் மற்ற மூன்று கால்களில் கணீரென்ற ஓசை, இதில் மட்டும் மங்கலான ஓசை, உள்ளே தண்ணீர் நிற்கிறது.

ஒவ்வொரு குளம்பின் பின்பக்கமும், ஆகக் கீழே, 8 அல்லது 10 மி.மீ. துளை. அடிவயிற்றில் இரண்டு. வால் அடியில் காற்றுக்கு ஒன்று. துளைகளுக்கு உட்புறம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு கோடை முடிவதற்குள் குளவி கூடு கட்டி அடைத்துவிடும். இவ்வளவுதான் வேலை, ஓர் அரை நாள். இரண்டு லட்ச ரூபாய் சிற்பத்துக்கு இந்த அரை நாளை யாரும் செலவழிக்காதது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

பெயின்ட்

எபாக்ஸி சிங்க் பிரைமர் ஒரு கோட், நடுவில் எபாக்ஸி ஒரு கோட், மேலே இரண்டு டப்பா கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) என்று ரசீதில் இருக்கிறது. முறை சரியானது. எபாக்ஸி மட்டும் அடித்து விட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் மாவு போலாகிவிடும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் அந்தக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும் என்பதால் மலையில் மேல் கோட் பி.யூ.வாகவே இருக்க வேண்டும். இங்கே நிறம் மங்கவில்லை, அதற்கு முழுப் பாராட்டு. பளபளப்பில்லாத மேட் பூச்சு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். விலங்குக்கு அது பொருத்தம்தான், ஆனால் மேட் பூச்சில் அழுக்கும் பாசியும் சீக்கிரம் ஒட்டும். பாதிப் பளபளப்பு இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம்.

குறை, ஓரங்களில். வெட்டிய தகட்டின் கூர்முனையில் பெயின்ட் தங்காது, இழுத்துக்கொண்டு மெலியும். காது விளிம்பிலும் குளம்புப் பிளவிலும் துரு முதலில் எட்டிப் பார்ப்பது அதனால்தான். விளிம்பை 2 மி.மீ. உருட்டித் தேய்த்துவிட்டு, அந்த விளிம்புக்கு மட்டும் தூரிகையால் தனியாக ஒரு கோட் கொடுத்து, பிறகே ஸ்பிரே அடிக்க வேண்டும்.

இன்னொன்று அவசியம் சொல்ல வேண்டும்: பெயின்ட் வேலையைக் கீழேயே முடித்துவிடுங்கள். 'மேலே வந்து ஃபைனல் கோட் அடிச்சுத் தர்றோம்' என்று சொல்பவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம். பெயின்ட் அடிக்கும் தகட்டின் சூடு, அன்றைய பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பனிநிலை ஏறத்தாழ 13.5. தகடும் 16-இல் இருந்தால் இடைவெளி இரண்டரைதான். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பெயின்ட் விழுகிறது, ஆறு மாதத்தில் தாள் போல உரியும். எபாக்ஸியோ 10 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது, மேலே பிசுபிசுவென்று எண்ணெய்ப் படலம் விடும். மலையில் திருத்த வேலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை. அதற்காகவே, அடித்த அதே கலவையில் கால் லிட்டர் பி.யூ.வும் அதற்குரிய ஹார்டனரும் சிற்பத்தோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது கயிறு உரசிய தடம் வயிற்றின் இரண்டு பக்கமும் கட்டாயம் இருக்கும்.

கால்வனைஸ் செய்திருக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், செய்தால் இதைவிட நன்று. 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்கினால், இந்தத் தகட்டுக் கனத்துக்குச் சராசரி 55 மைக்ரான் பூச்சு, உள்ளும் புறமும். ஸ்பிரே துப்பாக்கி எட்டாத உள்பக்கத்துக்கு வேறு வழியே இல்லை. ஆனால் முக்கும் பொருளில் காற்று அடைபட்டிருக்கக் கூடாது. ஈரம் ஆவியாகி வெடிக்கும், தொட்டியருகே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பட்டறைக்காரர் 'கால்வனைஸ் பண்ணினால் வளைஞ்சுரும்' என்று மறுத்தால், தட்டையான பலகைக்கு அது உண்மை. தட்டி உருட்டிய உடம்பு அவ்வளவு கோணாது. கால்வனைஸ் மேல் சாதா எனாமலை நேராக அடிக்கவும் கூடாது. துத்தநாகத்தோடு சேர்ந்து எனாமலின் எண்ணெய் சோப்பு போலாகி உரிந்துவரும். முதலில் அதற்கென உள்ள வாஷ் பிரைமர் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் வைப்பவர்கள் கால்வனைஸ் விஷயத்தில் ஒன்று யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பார்கள். காற்றில் வந்து படியும் அந்தச் செம்புத் துளி, வெறும் துத்தநாகத்தையோ அலுமினியத்தையோ தொட்டால் ஈரத்தில் சின்ன பேட்டரி போல வேலை செய்யும். தேய்வது துத்தநாகமும் அலுமினியமும்தான், ஊசி ஊசியாகக் குழி விழும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு, அதுவும் உதவாது. கடல் இங்கிருந்து வெகுதூரம், உப்புக்காற்று இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், தோட்டத்துக்கு நாமே உப்பைக் கொண்டுவருகிறோம். இந்த பங்களா முற்றத்துக்கும் முதல் வரிசைத் தேயிலைக்கும் பன்னிரண்டு அடிதான். மேலே பி.யூ. பூச்சு முழுதாக இருக்கும்வரை பயமில்லை. தெளிப்பு முடிந்த மறுநாள் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் போதும்.

வேறு என்ன வாங்கலாம்

இதே விலைக்குக் கார்ட்டன் எஃகு ஆடுகளும் வருகின்றன. ரயில்வே ஐ.ஆர்.எஸ்.எம். 41 என்று சொல்லும் எஃகும் அந்த வகைதான். செம்பு, குரோமியம் கலந்த அந்த எஃகில் மேல் துரு இறுகி, அடியிலுள்ளதைக் காக்கும் என்பது உண்மை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்தால்தான் அது இறுகும். மசினகுடி போல மழை மறைவுப் பகுதியில் நன்றாக வரும். பழனி மலைக்கு வடக்கே அடிவாரத்திலும் வரும். குன்னூர், கொடைக்கானலில் மூடுபனிக்குள், அதிலும் மரத்தடியில் வைத்தால் துரு இறுகாமல் மாவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அடியில் வெள்ளைக் கல்லோ சிமென்ட் தரையோ இருந்தால் செங்காவிக் கறை போகவே போகாது. சரளைக் கல் பரப்பி வையுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கார்ட்டனுக்கு என் ஓட்டு: 3 மி.மீ. தகட்டில் பக்கவாட்டு உருவத்தை மட்டும் வெட்டி எடுக்கும் நிழலுருவங்கள். மேட்டு விளிம்பில், பின்னால் வானம் மட்டும் தெரியும்படி நிறுத்தினால், சாயங்காலம் புல்வெளி முகட்டில் நிற்கும் மந்தையைத் தூரத்திலிருந்து பார்ப்பது போலவே இருக்கும். குழிகளோ தையலோ இல்லாததால் தண்ணீர் நிற்க இடமே கிடையாது.

எஸ்.எஸ். கேட்பவர்களுக்கு 304 ரகம் போதும். 316-இல் கூடுதலாக இருக்கும் மாலிப்டினம் கடற்கரைக்குத்தான் வேண்டும், நீலகிரியில் அதற்குக் கொடுக்கும் காசு வீண். கவலைப்பட வேண்டியது 304 என்று சொல்லி மலிவான 202 ரகத்தைத் தருவதைப் பற்றி. இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது, அதனால் காந்தச் சோதனை இதற்கு உதவாது. ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் வீலால் எஸ்.எஸ்.ஸைத் தேய்த்தால் இரும்புத் தூள் பதிந்து, முதல் மழையிலேயே தேநீர்க் கறை போலப் புள்ளி விழும். வெல்டிங் செய்த இடங்களைப் பிக்ளிங் பேஸ்ட் போட்டுக் கழுவியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அது கடும் அமிலம், பட்டறையில் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை.

சைக்கிள் செயின், பேரிங், ஸ்பேனர் சேர்த்துச் செய்யும் காட்டெருமைகள் கைவேலையாக அருமையானவை. ஆயிரம் இடுக்குகள் இருப்பதால் திறந்த வெளிக்கு வேண்டாம், வராந்தாவில் வையுங்கள். காட்டெருமை வாங்குவோர் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை இருக்கிறதா, தோளிலிருந்து முதுகு நடுவரை மேடு போகிறதா என்று பார்க்கட்டும். அது இரண்டும் இல்லையென்றால் அது வீட்டு எருமை.

கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டால் செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்கள்வரை போய் நின்றன. அவற்றுக்குள்ளேயும் எஃகுக் கம்பிச் சட்டம்தான். யானையோடு ஒரே காட்டில் வாழ்கிறவர் கை என்பது அந்த நிற்கும் நிலையிலேயே தெரியும். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்கே இரும்பு அடித்துக் கொடுத்தவர்கள். உலோக விலங்கு வாங்க நினைக்கும் மலைக்காரர்கள் கீழே தேடுவதற்குமுன் மேலே ஒரு முறை விசாரிப்பது நல்லது.

நிறுத்துவது

இந்த ஆட்டைப் பாறையிலேயே நேராக போல்ட் போட்டு நிறுத்தியிருக்க வேண்டும், கான்கிரீட்டே தேவைப்பட்டிருக்காது. நீலகிரிப் பாறை சார்னகைட், நல்ல கடினம். மேலே உளுத்த தோலை உளியால் கொத்தி, சுத்தியல் கணீரென்று சொல்லும் இடம்வரை போக வேண்டும். 14 மி.மீ. துளை, 110 மி.மீ. ஆழம், 12 மி.மீ. எஸ்.எஸ். ஸ்டட் (மரை வெட்டிய கம்பி), கெமிக்கல் ஆங்கர் பசை. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, தூள் முழுக்க வந்த பிறகுதான் பசை. தூளோடு ஊற்றினால் பசை தூளைப் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. குளிரில் இறுகும் நேரம் இரண்டு மூன்று மடங்கு நீளும். குழாயின் மேல் சூட்டு அட்டவணை அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து நட்டு முடுக்குங்கள். எஸ்.எஸ். போல்ட்டும் எம்.எஸ். பீடமும் நேராகத் தொடாமல் நைலான் வாஷரும் உறையும் போட வேண்டும். குளம்புக்கும் பாறைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் காற்றோடி ஈரம் காயும்.

பாறை இல்லாத இடத்தில் கான்கிரீட் அடித்தளம் வேண்டும்: மூன்றடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம், எம்.20 கலவை, நான்கு 16 மி.மீ. ஜே போல்ட். மேல்பரப்பு தரையைவிட ஆறு அங்குலம் உயர்ந்து, நாலு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். படிமட்டச் சரிவின் விளிம்பிலிருந்து ஐந்தடியாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். இந்த மண் மழையில் எப்படி நழுவும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கணக்குப் போடும்போது காற்றைவிட மனிதர் எடையை எண்ணுங்கள். விடுமுறை நாளில் கொம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முதுகில் ஏறிப் படம் எடுப்பார்கள். காட்டெருமைத் தடத்தில் வைக்கவும் கூடாது, தினவெடுத்து உரசினால் எந்த போல்ட்டும் நிற்காது. கூடலூர் பக்கமென்றால் தென்மேற்குச் சாரல், கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை. தையல் அதிகமுள்ள பக்கம் அந்தத் திசைக்கு முதுகு காட்டட்டும்.

இந்த ஆட்டைக் காப்பாற்றலாம். மழை விட்டதும் குளம்பைச் சுற்றிக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, வடிதுளைகள் போட்டு, உள்ளே காற்றடித்துக் காயவைத்து, வயிற்றுத் தையலில் பட்டியை முழுக்கச் சுரண்டிவிட்டு 6013 வெல்டிங் ராடால் தொடர்ச்சியாகப் பற்றவைத்து, சிங்க் பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஆள், நான்கு நாள். பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், காதையும் கொம்படியையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, வடிதுளைகளில் கம்பி விட்டுப் பார்த்தால் போதும்.

இதே பட்டறையில் புதிதாக ஆர்டர் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். இந்த முகத்தைச் செய்யத் தெரிந்தவர் அதிகம் இல்லை. ஆனால் பாதி முன்பணம்தான் கொடுக்க வேண்டும், மீதிப் பணத்துக்குமுன் பெயின்ட் அடிக்காத இரும்பாகவே ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கையில் காந்தமும் பூவாளியும் இருக்கட்டும். ஆட்டை அதன் பீடத்தில் நிறுத்தி, தலையிலிருந்து வால்வரை இரண்டு பூவாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். வடிந்து முடிந்ததும் டார்ச் அடித்துக் காது, கொம்படி, அக்குள், குளம்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டி, அங்கே துளை போட்ட பிறகு பெயின்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.